ஒன்பதாவது பாலம்

பாரீஸ் நகரத்துக்குள் ஸேன் நதியின் குறுக்கே 37 பாலங்கள் இருக்கின்றன. அவ்வளவு ஒன்றும் அகலமான நதி இல்லை. நம்ம கொள்ளிடத்துக்காரர் யாராவது பார்த்தால், "இதுக்கா இத்தனை பாலம்?" என்று சிரித்துவிடுவார். ஆனால் பிரெஞ்சுக்காரர்களுக்கு, பாலம் என்பது அக்கரைக்குப் போவதற்கு மட்டுமில்லை. சாய்ந்துகொண்டு காதலிக்க, சண்டை போட, சண்டை போட்டுவிட்டுத் தனியாகத் தண்ணீரைப் பார்க்க... ஆளுக்கு ஒரு பாலம் வேண்டாமா?

இந்த 37-ல் ரொம்ப நகை போட்டுக்கொண்டு நிற்பது மூன்றாம் அலெக்ஸாந்தர் பாலம். நாலு மூலையிலும் நாலு தூண். தூண் உச்சியில் தங்க முலாம் பூசிய இறக்கைக் குதிரைகள். ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கோலஸ் 1896-ல் அடிக்கல் நாட்டி, அவருடைய அப்பா பெயரை வைத்து, 1900 உலகக் கண்காட்சிக்காகத் திறந்த பாலம். கல்யாண ஜோடிகள் ஃபோட்டோவுக்கு க்யூவில் நிற்கிறார்கள். 2024 ஒலிம்பிக்ஸில் ட்ரையத்லான் வீரர்கள் நீந்தக் குதித்ததும் இதன் அடியில்தான்.

எல்லோரும் பாலத்துக்கு மேலே அண்ணாந்து குதிரையைப் பார்க்கிறார்கள். நான் கீழே பார்க்கத்தான் போயிருந்தேன். அந்தப் பக்கத்துக் கரையில் படகு வீடுகள் உண்டு. கயிறு கட்டி நிறுத்திய நீளமான படகுகள்; ஜன்னலில் திரை; மேல்தட்டில் பூந்தொட்டி; துணி காயப்போடும் கொடி. இப்படி ஒரு படகில் குடியிருந்தவர் கத்தூஷா நியான்.

யார் அவர் என்று கேட்பீர்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் கினி நாட்டில் பிறந்து, பாரீஸுக்கு வந்து, மாடலாக நடந்து, ஆடை வடிவமைத்து, புத்தகம் எழுதி, சினிமாவில் கதாநாயகியாக நடித்து, அந்தப் படம் வெளிவருவதற்குள் இந்த நதியிலேயே போய்விட்டவர். வயது 47.

2023 செப்டம்பரில் ஒரு நாள், அவருடைய படகு நின்ற இடத்திலிருந்து அவர் கிடைத்த இடம் வரை கரையோரமாகவே நடந்து பார்ப்பது என்று கிளம்பினேன். சுமார் 5 கிலோமீட்டர். துணைக்கு என் மாமனாரின் தம்பி. காரைக்காலில் பிறந்து, பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து, பென்ஷன் வாங்கும் 'சொல்தா'. எண்பதுகளில் செனகல் நாட்டுத் தலைநகர் டக்காரில் மூன்று வருஷம் காவல் காத்தவர்.

"பாரீஸுக்கு வந்தா ஈஃபில் டவர் பாக்கணும், சென்ட் வாங்கணும். நீங்க என்ன மாப்ளே, செத்துப்போனவங்க பின்னாடி நடக்கணுங்கறீங்க?" என்றார்.

"வழியிலதானே மாமா ஈஃபில் டவரும் வருது?"

"அது சரி" என்று ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டார். சொல்தா ஆயிற்றே!

*

அலெக்ஸாந்தர் பாலத்தை விட்டு ஆறு ஓடும் திசையில் போனால் முதலில் வருவது அன்வலித் பாலம். இரண்டாவது அல்மா. அந்த நடைக்குள் கத்தூஷாவின் பிறந்த கதையைச் சொல்லிவிடலாம்.

கினி, பிரெஞ்சுக்காரர்களின் காலனியாக இருந்தது. 1958-ல் ஜெனரல் தெகால், "எங்களோடு சேர்ந்தே இருக்கிறீர்களா, இல்லை தனியாகப் போகிறீர்களா?" என்று ஆப்பிரிக்கக் காலனிகளிடம் வாக்கெடுப்பு வைத்தார். மற்றவர்கள் எல்லாம் "இருக்கிறோம்" என்றபோது கினி மட்டும் "போகிறோம்" என்றது. அந்த அக்டோபரில் சுதந்திரம். இரண்டு வருஷம் கழித்து, 1960 அக்டோபரில், தலைநகர் கோனாக்ரியில் கத்தூஷா பிறந்தார்.

அப்பா லேசுப்பட்டவர் இல்லை. ஜிப்ரில் தம்சிர் நியான் என்றால் ஆப்பிரிக்க வரலாறு படிக்கிறவர்களுக்குத் தெரியும். மாலிப் பேரரசை 13-ம் நூற்றாண்டில் ஸ்தாபித்த சுந்தியாத்தா மன்னனின் கதையை, பரம்பரைப் பாணர் ஒருவர் வாயால் சொல்லக் கேட்டு எழுதிப் புத்தகமாக்கியவர். அந்தப் புத்தகம் வெளிவந்ததும் 1960-ல்தான்! கதையில் சுந்தியாத்தா சின்ன வயதில் நடக்க முடியாத குழந்தை. பிறகு எழுந்து நடக்கிறான், ராஜ்யத்தையே ஆள்கிறான். நடக்க முடியாத பிள்ளையின் கதையை எழுதிய வருஷத்தில் பிறந்த மகள், பிற்காலத்தில் நடையை வைத்தே உலகப் புகழ் பெற்றாள் என்பதை என்னவென்று சொல்ல!

சுதந்திரம் வந்ததே தவிர, நிம்மதி வரவில்லை. ஜனாதிபதி சேகு தூரே 1984-ல் சாகிறவரை நாற்காலியை விடவில்லை. படித்தவர்களைக் கண்டாலே அவருக்குச் சந்தேகம். நியான் சிறைக்குப் போனார். பிறகு நாட்டை விட்டு செனகலில் தஞ்சம் புகுந்தார். மகளின் பிள்ளைப் பருவம் கினி, மாலி, செனகல் என்று மூன்று தேசத்தில் சிதறியது.

இதற்கு நடுவில், ஒன்பதாவது வயதில் அவருக்கு அந்தச் சடங்கு நடந்தது.

குடும்பப் பத்திரிகையில் இதை எப்படி எழுதுவது என்று யோசித்தேன். எழுதாமல் விட்டுவிட்டால், இத்தனை காலமும் எல்லோரும் செய்ததைத்தான் நானும் செய்தவனாவேன். சிறுமிகளின் பிறப்புறுப்பைக் கத்தியால் அறுத்துச் சிதைக்கும் வழக்கம் அது. கற்பு, சுத்தம், கல்யாணத் தகுதி என்று காரணம் சொல்வார்கள். மருத்துவத்தில் இதற்கு ஒரு துளி நன்மையும் கிடையாது. ரத்தப்போக்கு, சீழ், ஆயுசுக்கும் வலி, பிரசவத்தில் ஆபத்து - இவைதான் உண்டு. இஸ்லாமியர், கிறிஸ்தவர், பழங்குடி மதத்தவர் என்று எல்லாரிடமும் இந்த வழக்கம் இருக்கிறது. செய்விப்பது பெரும்பாலும் அம்மாவும் பாட்டியும்தான். அன்பில்லாமல் இல்லை. செய்யாவிட்டால் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காதே என்ற பயம்!

"டக்கார்ல நாங்களும் கேள்விப்படுவோம். ஆனா யாரும் வாய் தொறக்க மாட்டாங்க" என்றார் மாமா. அதற்கப்புறம் அல்மா பாலம் வரும்வரை அவரும் வாய் திறக்கவில்லை.

*

அல்மாவில் கூட்டம். இந்தச் சுரங்கப்பாதையில்தான் 1997 ஆகஸ்ட் 31-ல் டயானாவின் உயிரைப் பறித்த கார் விபத்து நடந்தது. மேலே இருக்கும் தங்கச் சுடர்ச் சிலை உண்மையில் நியூயார்க் சுதந்திர தேவியின் கைத்தீபத்துக்கு நகல், 1989-ல் வைத்தது. ஜனங்கள் அதை டயானாவுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சுற்றிலும் பூவும் படமும் கடிதமும்.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் அவென்யூ மார்ஸோ. ஐந்தாம் நம்பர் கட்டடம். 1974 முதல் 2002 வரை ஈவ் சென் லொரான் என்கிற மகா தையல்காரரின் கோட்டை அது. 2017-ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அவரும் ஆப்பிரிக்காவில் பிறந்த பிரெஞ்சுக்காரர்தான். அல்ஜீரியாவின் ஓரான் நகரம். கறுப்பின மாடல்களை மேடையேற்ற மற்றவர்கள் யோசித்த காலத்தில், மார்த்தினிக் தீவின் முனியா, சோமாலியாவின் இமான் என்று வரிசையாக நடக்கவிட்டவர்.

கத்தூஷா அங்கே எப்படி வந்தார்? பதினேழு வயதில் கர்ப்பம், கல்யாணம், குழந்தை. 1980 வாக்கில் அதையெல்லாம் பின்னால் விட்டுவிட்டு ஐரோப்பா வந்து சேர்ந்தார். முதலில் லான்வன் கம்பெனியில், துணியை மேலே போட்டு அளவு பார்ப்பதற்காக நிற்கிற வேலை. ஒரு நாள் முழுக்க நிற்க வேண்டும். குண்டூசி குத்தினாலும் 'உஸ்' என்று சொல்லக்கூடாது. பிறகு த்யெரி முக்லெர், பாக்கோ ரபான், லக்ருவா என்று பெரிய பெரிய பெயர்கள். கடைசியில் சென் லொரானுக்கே பிடித்தமான மாடல். பத்திரிகைகள் அவருக்கு வைத்த பட்டப் பெயர் 'ஃபுலா இளவரசி'. ஃபுலா என்பது மாடு மேய்த்து ஊர் ஊராய்ப் போகும் அவர்கள் இனத்தின் பெயர்.

உள்ளே சென் லொரானின் வேலை அறையை அப்படியே வைத்திருக்கிறார்கள். மேஜை, பென்சில், துணித்துண்டு, சுவரை அடைத்த பெரிய கண்ணாடி. அந்தக் கண்ணாடி முன்னால் எத்தனை பெண்கள் நின்றிருப்பார்கள்! உலகமே அழகு என்று கொண்டாடிய ஓர் உடம்பு அங்கே நிற்கிறது. அந்த உடம்புக்கு ஒன்பது வயதில் என்ன ஆனது என்று ஊசி குத்துகிறவருக்குத் தெரியாது, கைதட்டுகிறவருக்கும் தெரியாது. சுமார் முப்பத்தெட்டு வருஷம் அந்த ரகசியத்தைச் சுமந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்.

மாமா ஒரு கவுனின் முன்னால் நின்று, "இந்தத் துணிக்கு மீட்டர் என்ன விலை இருக்கும்?" என்று காவலாளியிடம் கேட்டுவிட்டார். காவலாளி பிரெஞ்சில் தோளைக் குலுக்கினார். தோள் குலுக்கலுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

*

மூன்றாவது, நடைபாதைப் பாலம் தெபிலி. நாலாவது இயெனா - தலைக்கு மேலே ஈஃபில் டவர். மாமா கடமைக்கு ஒரு ஃபோட்டோ எடுத்தார். ஐந்தாவது பிர்ஹகேம், மாடிப்பாலம், மேலே மெட்ரோ ரயில் தடதடவென்று போகிறது. அதற்கடுத்து ஆற்றுக்கு நடுவே ஒல்லியாக ஒரு தீவு. தீவைத் தாண்டும் ரயில் பாலம் ரூயேல், ஆறாவது. தீவின் முனையில் குட்டிச் சுதந்திர தேவி நிற்குமிடத்தில் கிரெனெல், ஏழாவது.

மாடல்களின் ஆயுசு கிரிக்கெட் வீரர்களின் ஆயுசு மாதிரி. முப்பதைத் தாண்டினால் 'போய் வாருங்கள்' என்பார்கள். கத்தூஷா, மற்றவர்கள் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. 1994-ல் மேடையிலிருந்து இறங்கி, சொந்தமாக ஆடை வடிவமைப்பு நிறுவனம் தொடங்கினார். அடுத்தவர் தைத்ததைப் போட்டு நடந்தவர், அடுத்தவர் போட்டு நடக்கத் தைத்தார். 2005-ல் தொலைக்காட்சியின் மாடல் போட்டி நிகழ்ச்சியில் தோன்றி வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானார்.

2007-ல் புத்தகம். பெயர் 'என் சதைக்குள்'. ஓர் எழுத்தாளரின் துணையோடு தன் கதையைச் சொல்லி, அந்த ஒன்பது வயது நாளையும் சொன்னார். அழகிகள் சுயசரிதை எழுதினால் யார் யாரோடு டின்னர் சாப்பிட்டார்கள் என்று தேடிப் படிக்கிற உலகம் இது. இவர் எழுதியதைப் படித்தவர்களால் அப்படிப் புரட்ட முடியவில்லை. அதோடு நிற்காமல் அந்தக் கத்தியை எதிர்த்து ஓர் அமைப்பும் தொடங்கினார்.

இவருக்கு முன்னால், சோமாலியாவில் பிறந்த வாரிஸ் டீரி 1998-ல் எழுதியிருந்தார், அவரும் மாடல்தான். உடம்பை முதலீடாக வைத்துப் பிழைத்த பெண்களே உடம்பின் காயத்தை ஊரறியச் சொன்னார்கள். பெரிய பெரிய அறிக்கைகள் செய்யாததை ஒரு முகம் செய்துவிடுகிறது.

அப்புறம் சினிமா. செனகல் எழுத்தாளர் அபாஸ் இந்தியோனின் 'ரமாதா' நாவலை, லெயாந்த்ர்-அலன் பேக்கர் படமாக்கினார். (இந்தியோன் நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டே நாவல் எழுதியவர்.) டக்காரின் மந்திரி ஒருவரின் பேரழகி மனைவியாகக் கதாநாயகி வேடம். பெண்ணாக வளர்ந்த அதே ஊருக்கு நடிகையாகத் திரும்பிப் போய் நடித்துவிட்டு வந்தார்.

எட்டாவது பாலம் மிராபோ. கவிஞர் அப்பொலினேர் கவிதை எழுதி அழியாப் புகழ் தந்த பாலம். பச்சை வர்ணம், வெண்கலச் சிலைகள். மாமாவுக்குக் கால் வலி. பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுவந்த புளிசாதத்தைப் பிரித்தோம். பக்கத்தில் இருந்த பாட்டியம்மாளின் நாய் எங்களை மரியாதையாகப் பார்த்தது. புளிசாதத்தின் மகிமை அப்படி!

*

ஒன்பதாவது பாலம், கரிலியானோ.

சிலை கிடையாது, குதிரை கிடையாது, விளக்குத் தூணில் வேலைப்பாடு கிடையாது. 1966-ல் கட்டிய சாதாரணப் பாலம். பஸ்ஸும் லாரியும் போகிறது; ஒரு முனையில் ட்ராம் வண்டி வந்து திரும்புகிறது. எந்த டூரிஸ்ட்டும் இங்கே வருவதில்லை. ஆனால் பெயருக்குப் பின்னால் ஒரு சங்கதி உண்டு. கரிலியானோ என்பது இத்தாலியில் ஓர் ஆறு. 1944-ல் அங்கே ஜெர்மானியரை உடைத்துக்கொண்டு முன்னேறிய பிரெஞ்சுப் படையில் பெரும்பகுதி மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா வீரர்கள். ஆப்பிரிக்கர் ரத்தம் சிந்தி ஜெயித்த பெயரைப் பாரீஸ் இந்த மூலைப் பாலத்துக்கு வைத்திருக்கிறது. மாமா இதைக் கேட்டதும் விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வைத்தார். விளையாட்டுக்கு இல்லை.

2008-ம் வருஷம், ஜனவரி முடிந்து பிப்ரவரி பிறக்கும் சமயம். விருந்துக்குப் போய்விட்டு நள்ளிரவுக்கு மேல் படகுக்குத் திரும்பினார் கத்தூஷா. பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. கைப்பை மட்டும் படகில் கிடந்தது. பிப்ரவரி 28-ம் தேதி, இந்தப் பாலத்தருகே உடல் கிடைத்தது. அடித்ததற்கோ தாக்கியதற்கோ அடையாளம் இல்லை; கால் தவறி விழுந்திருக்க வேண்டும் என்றார்கள். மழைக்காலத்தில் படகுக்குப் போகும் பலகை வழுக்கும். மேடையில் ஒரு அடிகூடப் பிசகாமல் நடந்தவர்!

'ரமாதா' அவர் மறைந்த பிறகுதான் திரைக்கு வந்தது. அதே 2008 ஜூன் முதல் தேதி சென் லொரானும் போய்ச் சேர்ந்தார். மகளுக்குப் பிறகு பதின்மூன்று வருஷம் இருந்து, கொரோனாக் காலத்தில், 2021 மார்ச்சில், அப்பா நியான் டக்காரில் காலமானார்.

டயானாவின் சுடரடியில் பார்த்த பூக்கள் நினைவுக்கு வந்தன. இங்கே ஒரு பூவும் இல்லை.

*

"பூ வேணும்னா இங்க தேடாதீங்க மாப்ளே. நாளைக்கு வாங்க, காட்டறேன்" என்றார் மாமா.

மறுநாள் லா ஷப்பெல். நம் இலங்கைத் தமிழர்களின் கடைத்தெரு. மளிகைக்கடை, நகைக்கடை, பிள்ளையார் கோயில் எல்லாம் உண்டு. அங்கிருந்து தலைக்கு மேல் ஓடும் மெட்ரோவை ஒட்டியே பார்பெஸ் பக்கம் நடந்தால் பதினைந்து நிமிஷத்தில் தேசம் மாறிவிடுகிறது. கூத் தோர். 'தங்கத் துளி' என்று அர்த்தம்; ஒரு காலத்தில் இந்த மேட்டில் விளைந்த வெள்ளைத் திராட்சை மதுவுக்கு வந்த பெயர். எமில் ஸோலா தன் சலவைக்காரி கதையை இந்தத் தெருக்களில்தான் வைத்தார். இப்போது மரவள்ளிக்கிழங்கு, கருவாடு, வாழைக்காய், வர்ணம் வர்ணமாகத் துணிக்கடைகள். 'ஆப்பிரிக்கத் துணி' என்று நாம் வாங்கும் அந்த மெழுகு அச்சுத் துணியின் பூர்வீகம் ஜாவாவின் பாத்திக், தொழிற்சாலை ஹாலந்தில், விற்பனை ஆப்பிரிக்காவில். நம்ம ரவை தோசை ஓட்டலைப் போல, துணிக்கும் பல ஊர்ப் பூர்வீகம்.

மாமாவுக்குப் பழக்கமான தையல்காரர் ஒருவர், கினி நாட்டுக்காரர். ஒரு மெஷின், ஒரு இஸ்திரிப்பெட்டி, நிற்க மூன்று பேருக்கு இடம். நான் பாண்டிச்சேரிப் பக்கம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. காரணம் இருக்கிறது. 18, 19-ம் நூற்றாண்டுகளில் புதுச்சேரியில் அவுரியில் தோய்த்த நீலத் துணிக்கு 'கினே' என்றே பெயர். பிரெஞ்சு வியாபாரிகள் அதைக் கப்பல் கப்பலாக செனகலுக்கு ஏற்றிப்போய்க் கருவேலம் பிசின் வாங்கினார்கள். அந்தக் கரையில் காசுக்குப் பதிலாகவே அந்தத் துணி செல்லும். நம் நெசவாளர்கள் அறியாத தேசத்துக்குத் துணி நெய்து, அந்தத் தேசத்தின் பெயரையே துணிக்கு வைத்திருந்தார்கள்!

சட்டைக்கு அளவு கொடுத்துக்கொண்டே கத்தூஷாவைப் பற்றிக் கேட்டேன். மாமா மொழிபெயர்த்தார்.

"கோனாக்ரியில அவங்களைத் தெரியாதவங்க உண்டா? என் சம்சாரம் அந்தப் புஸ்தகத்தை ரெண்டு தடவை படிச்சா" என்றார் தையல்காரர். பிறகு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "எங்களுக்கு ரெண்டு பொண்ணு. ஏழு வயசு, ஒன்பது வயசு. எங்கம்மா ஊர்ல இருக்கா. லீவுக்குப் பசங்களை அனுப்புன்னு ஒவ்வொரு கோடையும் ஃபோன்" என்றார்.

கோடை விடுமுறை என்றால் அந்தத் தெருவில் சில வீடுகளில் வயிற்றைப் பிசையும். பாட்டியைப் பார்க்கப் போன பெண், வேறு மாதிரி திரும்பி வரும். பிரெஞ்சுச் சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது. 1999-ல் பாரீஸ் நீதிமன்றம் இந்த அறுவைச் சடங்கைச் செய்துவந்த ஒரு பெண்ணுக்கு 8 வருஷம் சிறை கொடுத்தது. புகார் கொடுத்ததே அவளிடம் சிக்கிய ஒரு பெண்தான். 2006-லிருந்து, பிரான்ஸில் வசிக்கும் சிறுமிக்கு வெளிநாட்டில் வைத்துச் செய்தாலும் குற்றம். செனகலில் 1999 முதல் தடை. கினியிலும் சட்டப்படி தடைதான். ஆனால் அங்கே பெண்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் இதற்கு ஆளானவர்கள். உலகம் முழுக்க 23 கோடிக்கு மேல் என்று 2024-ல் யுனிசெஃப் சொன்னது. சட்டம் ஏர்போர்ட் வரை வரும். பாட்டி வீட்டுக் கொல்லைப்புறம் வரை வருமா?

"அப்ப என்ன செஞ்சீங்க?" என்றேன்.

"என் சம்சாரம் ஒரே வார்த்தை சொன்னா. பேத்திங்களைப் பாக்கணும்னா பாட்டி இங்க வரட்டும். பொண்ணுங்க அங்க போக வேணாம். டிக்கெட் நாம எடுப்போம்."

"அம்மா ஒத்துக்கிட்டாங்களா?"

"ரெண்டு வருஷம் பேசலை. இப்ப வரேங்கறா. விசாதான் கிடைக்கமாட்டேங்குது" என்று சிரித்தார்.

மாமா சட்டென்று, "எனக்கும் ரெண்டு சட்டைக்கு அளவு எடுத்துக்கப்பா. முழுக்கை" என்றார். வீட்டில் அவருக்குப் பெட்டி பிரிக்காத சட்டை ஏழு இருக்கிறது. எனக்குத் தெரியும். கூலியில் பேரம் பேசவில்லை என்பதுதான் காரைக்கால் சரித்திரத்தில் முதல் தடவை.